இடது பக்கம் வாய் திறந்த நத்தை

கிசில்-பெல்
20 அக்டோபர் 1974

அன்புள்ள குபாத் பைகே,

மந்தையும் உயிர்களும் நலமா என்று தொடங்குவதுதான் முறை. உன்னிடம் மந்தை இல்லை. விடுதி அறையில் உன்னோடு இருக்கும் மூன்று பேர்தான் மந்தை என்று எழுதியிருந்தாய். சரி, அந்த மூன்று பேரும் நலமா? மேய்ச்சல் கிடைக்கிறதா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி, மழைக்கு முதல் நாளே வந்து தகவல் சொல்லிவிட்டுப் போகிறது. அப்பா ஆடுகளோடு குளிர்கால மேய்ச்சலுக்குப் போய்விட்டார். நான் நலம். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தது. அம்மா மாவு பிசைந்துகொண்டே, "சத்தமாப் படிடி, என் பிள்ள என்ன எழுதியிருக்கான்னு கேப்போம்" என்றாள். படித்தேன். முதல் பக்கத்தில் விடுதிச் சாப்பாடு. மீதி மூன்று பக்கமும் தாரிகா. தாரிகா தலாஸ் ஊர்க்காரி. தாரிகா கண்ணாடி போட்டவள். தாரிகா ஓட்டைத் தொட்டுப் பார்த்தே நத்தையின் பெயரைச் சொல்லிவிடுவாள். அம்மா பாதியில் நிறுத்தினாள்.

"இந்தத் தாரிகாங்கிறது என்னடி, பாடப் புத்தகமா?"

"ஆமாம்மா. கண்ணாடி அட்டை போட்ட புத்தகம். உன் பிள்ள ராப்பகலா படிக்கிறான்."

எனக்கு ஒரு சந்தேகம். ஏழு வயதிலிருந்து 'பைகே, பைகே' என்று அண்ணன் உன்கூட மலைச்சரிவில் நத்தை பொறுக்கியவள் நான். நம் வெள்ளை நத்தைக்கு, தாத்தாக்கள் போடும் உயரத் தொப்பி மாதிரி இருக்கிறது என்று 'கால்பாக் நத்தை' எனப் பெயர் வைத்தவளும் நான்தான். அதெல்லாம் தாரிகாவிடம் சொன்னாயா, இல்லை நீ மட்டும் முட்டையிலிருந்து அப்படியே விஞ்ஞானியாக வெளியே வந்ததாகச் சொல்லிவைத்திருக்கிறாயா?

நத்தைக்கு முதுகில் ஓடு. உனக்கு ஊரைப் பார்த்தால் ஓடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் மாதம் அக்-சாய் பள்ளத்தாக்கின் மேல்பகுதிக்குப் போகிறோம். நீயும் நானும் கூடாரமும். போன வருடம் சத்தியம் செய்திருக்கிறாய். கூடாரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

உன் தங்கை,
பெர்மெத்

பி.கு.: குருத் ஒரு பை அனுப்புகிறேன். உனக்கு மட்டும். அந்தப் பாலாடைக்கட்டி கல் மாதிரி இருக்கிறது, கண்ணாடி போட்டவர்களின் பல்லுக்கு ஆகாது.


பிரூன்சே
14 நவம்பர் 1974

அன்புள்ள குட்டி,

வீட்டில் எல்லா உயிர்களும், அப்பாவின் ஆடுகளும், உன் நாக்கும் நலம் என்று நம்புகிறேன். நான் நலம்.

உன்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கால்பாக் நத்தை என்ற பெயரைக் கேட்டு எங்கள் பேராசிரியை ரிம்மா ஒசிப்பொவ்னா சத்தம் போட்டுச் சிரித்தார். "லத்தீன் பெயரவிட இது நல்லாருக்கே, உன் தங்கச்சியவே படிக்க அனுப்பியிருக்கலாம்" என்றார்.

குருத் வந்தது. தாரிகா பாதிக்கு மேல் தின்றுவிட்டாள். அவள் பல் நலம்.

அவளிடம் கற்ற ஒன்றை உனக்குச் சொல்கிறேன். ஓட்டின் அளவைப் பார்த்து இது குட்டி, இது பெரியது என்று நாம் பிரிப்போமே, அது தப்பு. வாய் விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பு காகிதம் மாதிரி மெல்லியதாக இருந்தால் இன்னும் வளர்கிறது. தடித்து வெளியே மடிந்திருந்தால் வளர்ச்சி முடிந்தது.

இன்னொன்று. ஓட்டின் நுனியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் கால்பாக் நத்தையின் வாய் எப்போதும் வலது பக்கம்தான் இருக்கும். நம் பக்கத்துச் சுண்ணாம்புச் சரிவுகளில் இடது பக்கம் வாய் திறந்தவையும் கட்டாயம் இருக்கும் என்று தாரிகா சொல்கிறாள். இதுவரை யாரும் பார்த்ததில்லை. இவள் மட்டும் பந்தயம் கட்டுகிறாள். பந்தயம் கட்டும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள், பார்க்க வேண்டும்.

குளிருக்கு மூடிப் படு.

உன் பைகே,
குபாத்


கிசில்-பெல்
18 ஜனவரி 1975

அன்புள்ள பைகே,

மந்தை நலம், உயிர்கள் நலம், கிணற்றுத் தண்ணீர் மட்டும் உறைந்துபோய் அசைய மாட்டேன் என்கிறது. பாலை வெட்டித்தான் டீயில் போடுகிறோம். உன் நாலு சுவருக்குள் சூடு வருகிறதா?

பதில் எழுத இவ்வளவு நாள் ஏன் என்று கேட்பாய். கேட்க மாட்டாய், தெரியும். பள்ளிக்கூடத்தில் படக் குழுவில் சேர்ந்துவிட்டேன். இருட்டறையில் சிவப்பு விளக்கு, மருந்துத் தண்ணீர், கைவிரலெல்லாம் ஊறுகாய் வாசனை. ஆசிரியர், "பெர்மெத், நீ இருட்டுல இருக்கிறப்பதான் அமைதியா இருக்க" என்கிறார். பாவம், அங்கேதான் என் மூளை வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாது.

வாய் தடித்தவர் வளர்ந்தவர் என்று உன் தாரிகா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இந்த வீட்டுக்கே மூத்தவ நீதான்" என்றாள். இனி எனக்கு மரியாதை கொடுத்து எழுதவும்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். அக்டோபரில் மழை விட்டதும் அக்-சாய் கீழ்ச்சரிவில் எடுத்தது. பள்ளிக் கேமராவைத் தாங்கியில் வைத்து, கிட்டத்தில் எடுக்கும் வளையம் பொருத்தி, ஒரு கையால் நத்தையைப் பிடித்து, மறு கையால் பொத்தானை அழுத்தினேன். படச்சுருளை இப்போதுதான் கழுவினேன். கழுவிய பிறகுதான் பார்த்தேன்.

நுனி மேலே. வாய் நம்மைப் பார்க்கிறது. எந்தப் பக்கம் என்று நீயே சொல்.

கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர்களிடம் காட்டு. நன்றாகத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்.

உன் தங்கை,
பெர்மெத்


பிரூன்சே
9 பிப்ரவரி 1975

அன்புள்ள குட்டி,

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆட்டுக் கொழுப்பு தடவச் சொல். எனக்கு லேசான சளி, வேறொன்றுமில்லை.

படம் வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கிறது.

தாரிகாவிடம் காட்டினேன். நூலகம் என்பதையும் மறந்து எழுந்து நின்றுவிட்டாள். "குபாத்! இடது! இது இடதுடா! நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல!" காவலர் கிழவி வந்து, "கல்யாணச் சண்டையெல்லாம் வெளியில போய்ப் போடுங்க" என்று இருவரையும் துரத்தினாள். தாரிகா படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஒரே படத்தைப் பார்த்தாள். பனி பெய்வதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

படத்தை ரிம்மா ஒசிப்பொவ்னாவிடம் எடுத்துப்போயிருக்கிறாள். வேறு செய்தி இல்லை.

உன் பைகே,
குபாத்


பிரூன்சே
27 பிப்ரவரி 1975

அன்புத் தங்கை பெர்மெத்துக்கு,

நாம் பார்த்ததில்லை. ஆனாலும் உன் அண்ணன் உன்னைப் பற்றிப் பேசாத நாள் இல்லை என்பதால் பழகியவள் மாதிரிதான் எழுத வருகிறது. உன் தாயாரும் தந்தையும், குளிரில் மந்தையும் சுகமா? ஆடு ஈனும் காலம் வருகிறதே, எல்லாம் நல்லபடி நடக்கட்டும். எங்கள் வீட்டிலும் ஆடுகள் உண்டு. இந்த மாதங்களில் என் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை.

உன் படம் என் மேசை மேல் இருக்கிறது. இடது ஒன்று இருக்கும் என்று என் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ பார்த்துவிட்டாய். பொறாமையாகக்கூட இருக்கிறது.

அந்த ஓடு உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் பஞ்சு வைத்த தீப்பெட்டியில் போட்டு அனுப்பு. உள்ளே ஒரு சீட்டு வை. கிடைத்த இடம், நாள், எடுத்தவர் பெயர். இந்த மூன்றும் இல்லாத ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சட்டைப் பொத்தான்தான். குபாத்திடம் கேட்டேன், "அவ உயிரோட விட்டிருப்பா" என்கிறான். விட்டிருந்தாலும் பரவாயில்லை, அந்தச் சரிவு இருக்கிறதே.

கோடையில் சாரி-செலெக் ஏரிக்குப் போகும் ஆய்வுக் குழுவில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் ஆண்டு ஆய்வை உங்கள் அக்-சாய் சரிவிலேயே செய்ய ரிம்மா ஒசிப்பொவ்னா ஒப்புக்கொண்டார். "ஒரு படத்த நம்பியா?" என்று மட்டும் கேட்டார். "ஒரு பொண்ண நம்பி" என்றேன்.

இத்துடன் ஒரு கைலென்ஸ் அனுப்புகிறேன். என் பழையது. ஓரத்தில் கீறல் உண்டு, நடுவில் நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
தாரிகா


கிசில்-பெல்
16 மார்ச் 1975

அன்புள்ள பைகே,

மந்தை பெருகிவிட்டது. அடுப்பு மூலையில் ஐந்து ஆட்டுக்குட்டிகள். அதில் ஒன்று என் வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு போர்களைத் தின்றுவிட்டது. உயிர்கள் நலம்.

உன் தாரிகா எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். பரிசு வேறு. கேட்டேனா? பழைய லென்ஸை அனுப்பி எனக்குக் கண் திறந்துவிடப் பார்க்கிறாள். அதை ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டேன். அம்மா கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, "யாரு குடுத்ததுனு பாக்காத, என்ன குடுத்தாங்கனு பாரு" என்றாள். லென்ஸ் நல்ல லென்ஸ்தான். அதுதான் எரிச்சல்.

நத்தையை விட்டுவிட்டேன் என்று அவளுக்கு நீயே பதில் சொல்லிவிட்டாயாமே? என்னைக் கேட்காமலே எப்படித் தெரிந்தது? உனக்கு ஓடு வேண்டாமா? சின்ன வயதில் ஒற்றை உடைந்த ஓட்டுக்காக என் காதைத் திருகினவன் நீ. 'அனுப்பு' என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. சளி மூளைக்கும் ஏறிவிட்டதா?

அவள் ஏதோ ஏரிப் பயணத்தை விட்டுவிட்டாளாம். விட்டால் விடட்டும். நம் சரிவில் வந்து அவள் தேடட்டும். தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் வெறும் பெட்டியோடு திரும்பட்டும். பேராசிரியை கேட்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வகுப்பில் சிரிப்பு வருகிறது. ஏன் என்று கேட்காதே.

ஜூன் பயணத்தைப் பற்றி நீ எழுதவே இல்லை. கூடாரத்தைப் பிரித்துத் தைத்துவைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
பெர்மெத்


பிரூன்சே
11 ஏப்ரல் 1975

அன்புள்ள குட்டி,

ஆட்டுக்குட்டிகளுக்கும் வரலாற்றுக்கும் என் வாழ்த்து. எல்லாரும் சுகம்தானே?

ஜூன் பற்றி இப்போது எழுதுகிறேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல். தேர்வு முடிந்ததும் தாரிகாவை வீட்டுக்கு அழைத்து வருகிறேன். ஆய்வுக்குத்தான். ஒரு மாதம் இருப்பாள். உன் படுக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நீ அம்மாவோடு படுத்துக்கொள்.

அக்-சாய்க்கு மூன்று பேரும் போகலாம். கூடாரம் கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கும். உனக்கு முழங்கால் வரைக்கும் வெளியே நீண்டால் பரவாயில்லையா? நீ சின்னவள், மடங்கிக்கொள்வாய்.

தாரிகாவுக்கு அம்மா எண்ணெயில் பொரிக்கும் போர்சோக் பிடிக்கும்.

உன் பைகே,
குபாத்


கிசில்-பெல்
27 ஏப்ரல் 1975

தாரிகாவுக்கு,

நீங்கள் நலமா, உங்கள் வீட்டு மந்தை நலமா? நலமாகவே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். நூலகத்தில் படிக்காதீர்கள், காவலர் கிழவி துரத்துவாள்.

குபாத் பைகே உங்களை வீட்டுக்கு அழைத்து வரப்போகிறான் என்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பக்குவமாகத்தான் படித்தேன். அம்மா எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து வெள்ளை முக்காட்டை எடுத்து, உதறி, கொடியில் காயப்போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன, மருமகளா?" என்கிறாள். அம்மா, "காத்தாடப் போட்டேன்" என்கிறாள். பதினெட்டு வருடமாக ஆடாத காற்று இப்போதுதான் ஆடுகிறதாம். எங்கள் பக்கத்தில் வாசல்படி தாண்டி வரும் பெண்ணின் தலையில் அது விழுந்தால் என்ன அர்த்தம் என்று தலாஸ்காரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நத்தையைத் தேடி வருகிறீர்கள். இங்கே உங்கள் தலையைத் தேடுகிறார்கள்.

இதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். நேற்று உங்கள் லென்ஸை வைத்து என் படத்தின் இன்னொரு பிரதியைப் பார்த்தேன்.

இடது வாய் நத்தை என்று ஒன்று கிடையாது. படச்சுருளில் ஒரு பக்கம் மங்கல், ஒரு பக்கம் பளபளப்பு. மங்கல் பக்கம் கீழே இருக்க வேண்டும். நான் பளபளப்பைக் கீழே வைத்து அச்சடித்தேன். வலது இடதாகிவிட்டது. நீங்கள் எல்லார் முன்னாலும் குதித்து, பிறகு மூக்குடைய வேண்டும் என்று செய்தேன். அழகாகத்தான் செய்தேன். எண் இடவலம் மாறித் தெரிந்துவிடும் என்று பக்கத்தில் காசுகூட வைக்கவில்லை.

ஆனால் கட்டைவிரலை மறந்துவிட்டேன்.

என் இடது கட்டைவிரலில், நகத்துக்குக் கீழே, குறுக்கே ஒரு தழும்பு உண்டு. பாறையில் ஒட்டிய நத்தையைக் கத்தியால் நெம்பினபோது வெட்டியது. கத்தி குபாத் பைகேயுடையது. தன் சட்டையைக் கிழித்துக் கட்டி, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்கியதும் அவன்தான். வழியெல்லாம் என்னைவிட அவன்தான் அழுதான். படத்தில் அந்தத் தழும்பு வலது கையில் இருக்கிறது. உலகத்தில் யார் ஏமாந்தாலும் அவன் ஏமாற முடியாது. 'உன் கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கிறது' என்று எனக்கு எழுதியே இருக்கிறான்.

பார்த்த அன்றே அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் உங்களிடம் காட்டினான். தெரிந்துதான் ஓடு வேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை. நீங்கள் ஏரியை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தபோது பக்கத்தில்தானே இருந்தான்? என் பொய்யில் குதிரை கட்டி உங்களை எங்கள் வீட்டுக்கு ஓட்டிவரப் பார்த்தான்.

நான் உங்களை ஏமாற்றினேன், நீங்கள் எனக்கு யாரோ. அவனுக்கு நீங்கள் யாரோ இல்லையே?

இப்படிக்கு,
பெர்மெத்


பிரூன்சே
19 மே 1975

பெர்மெத்,

நீ எழுதியதை தாரிகா எனக்குப் படித்துக் காட்டினாள். எல்லாம் உண்மை என்று சொன்னேன்.

முதல் நாளே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் நாளையாகப் போயிற்று.

ஜூனில் வரவில்லை. ஆய்வகத்தில் வேலை இருக்கிறது. அம்மாவை முக்காட்டை எடுத்து உள்ளே வைக்கச் சொல்.

குபாத்


கிசில்-பெல்
29 ஜூன் 1975

தாரிகாவுக்கு,

உங்கள் வீட்டில் ஆடுகளுக்கு மயிர் வெட்டு முடிந்ததா, மந்தையும் உயிர்களும் நலமா? இங்கே எல்லாரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

நீங்கள் பதில் போடவில்லை. போடுவீர்கள் என்று நான் நினைக்கவும் இல்லை. குபாத் பைகேயும் எழுதுவதில்லை. கடைசியாக எழுதியபோது என்னைக் 'குட்டி' என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

ஜூன் வந்தது. கூடாரம் இருந்தது. இரண்டு பேர் இடமும் எனக்கே. அதை முற்றத்தில் விரித்து உள்ளே படுத்துப் பார்த்தேன். அம்மா வெளியே நின்று பேசினாள்.

"உள்ள யாரு?"

"நான்தான்."

"உன் கூட யாரு?"

"யாருமில்ல."

"அதத்தான கேட்ட? கெடச்சிருச்சில்ல? அப்புறம் ஏண்டி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடக்க?"

ஆகவே எழுந்து அக்-சாய்க்குப் போனேன். தனியாகத்தான். உங்கள் லென்ஸ் கழுத்தில் இருந்தது. கீழ்ச்சரிவில் தொடங்கி, சுண்ணாம்புப் பாறை நெடுக, அர்ச்சாப் புதர்கள் வரைக்கும் ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். நுனி மேலே, வாய் என்னைப் பார்த்து. வலது. வலது. வலது. ஒரு கட்டத்தில் கனவிலும் நத்தைகள் எல்லாம் வலது பக்கமே பார்த்தன. மழை பெய்த நாட்களில் மறுபடி போனேன். பள்ளி விடுமுறை முழுக்க இதுதான் வேலை. தோழிகள், "ஏண்டி, மலைய சலிச்சு மாவு எடுக்கப் போறியா?" என்கிறார்கள்.

இடது ஒன்றுகூட இல்லை.

ஏரியும் போய், இங்கே வராமலும் போனதால் உங்கள் ஆண்டு ஆய்வுக்கு இடம் இல்லாமல் இருக்கும் என்று நினைத்தேன். இந்தச் சரிவை முழுக்கப் பார்த்தாகிவிட்டது. இல்லை என்பதையும் யாராவது நேரில் பார்த்துத்தானே சொல்ல வேண்டும்? காலி ஓடுகளை மட்டும் எடுத்துத் தீப்பெட்டிகளில் பஞ்சு வைத்து அனுப்பியிருக்கிறேன். ஓட்டைப் படச்சுருள் மாதிரித் திருப்பிப் போட முடியாது, நம்பலாம். ஒவ்வொன்றிலும் இடமும் நாளும் எழுதிய சீட்டு இருக்கிறது. என் பெயரைப் போடவில்லை. அதைப் பார்த்தால் உங்கள் பேராசிரியை பெட்டியைத் திறக்காமலே எறிந்துவிடுவார்.

அர்ச்சா வேரடியில் கிடைத்த மிளகு அளவு ஓடுகளைக் கடைசிப் பெட்டியில் கொட்டி 'குட்டிகள்' என்று எழுதியிருக்கிறேன். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை இல்லை. தேவையில்லை என்றால் கொட்டிவிடுங்கள்.

லென்ஸ் திரும்ப வேண்டுமா?

பெர்மெத்


பிரூன்சே
22 ஜூலை 1975

பெர்மெத்துக்கு,

உன் தாயாரின் முழங்காலும், தந்தையும், மேல் மேய்ச்சலில் மந்தையும் சுகமா?

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்த அன்று உன் படத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். கோபத்தில் கிழித்தேன், தழும்பைப் பார்ப்பதற்காக ஒட்டினேன். பிப்ரவரி முழுக்க அந்தப் படத்தையே பார்த்தவள் நான். நத்தையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியது அதில் இருந்தது, அதோடு நிறுத்திவிட்டேன். அதனால் என்மேலும் கோபம்.

உன் பெட்டிகள் வந்து ஒரு வாரம் திறக்கவில்லை. ரிம்மா ஒசிப்பொவ்னாதான், "கோபம் உனக்கு அந்தப் பொண்ணு மேலயா, நத்தை மேலயா?" என்றார். திறந்தோம். எல்லாம் வலது. என் பந்தயம் தோற்றது. இவ்வளவு ஒழுங்காக யாரும் என்னைத் தோற்கடித்ததில்லை. அந்தத் தோல்வியைத்தான் இப்போது ஆய்வாக எழுதுகிறேன்.

கடைசிப் பெட்டியைக் கொட்டப் போனேன். பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்து லென்ஸில் வைத்தேன்.

பெர்மெத், வாய் விளிம்பைப் பார்த்தாயா? தடித்து, வெளியே மடிந்து, உள்ளே வெள்ளையாக ஒரு பல்கூட இருக்கிறது. பெட்டியில் இருப்பவை எல்லாமே அப்படித்தான். இவை கால்பாக்கின் குஞ்சுகள் இல்லை. வேறு இனம். அளவே அவ்வளவுதான், முழுக்க வளர்ந்தவை. அக்-சாயில் இதுவரை யாரும் இதைப் பதிந்ததில்லை என்று ரிம்மா ஒசிப்பொவ்னா பழைய சேகரிப்பு முழுவதையும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். அன்று அவருக்கு மதியச் சாப்பாடு மறந்துபோயிற்று.

'குட்டிகள்' என்ற சீட்டை எடுத்துவிட்டேன். புதுச் சீட்டில் இடம், நாள், அர்ச்சா வேரடி என்று எழுதினேன். எடுத்தவர் பெயர் விட்டுப்போயிருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

உயிரோடு இருப்பவற்றைப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் பத்தாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். ஒரு பெண்ணை நம்பித்தான், இந்த முறையும். உன் தாயாரிடம் சொல்லிவிடு, நான் வருவது நத்தைக்கு. என் தலையில் ஏற்கனவே தொப்பி இருக்கிறது, கழற்ற மாட்டேன்.

குபாத்தோடு நான் இன்னும் பேசவில்லை. ஆய்வகத்தில் எதிர் மேசையில் உட்கார்ந்து தினமும் ஒரே ஓட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். ஓடு தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

லென்ஸ் உன்னுடையது.

தாரிகா


கிசில்-பெல்
1 ஆகஸ்ட் 1975

அன்புள்ள குபாத் பைகே,

மந்தை நலம், உயிர்கள் நலம், குதிரைப்பால் குமிஸ் நன்றாகப் புளித்திருக்கிறது. நீ மட்டும் ஒரே ஓட்டைத் துடைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கீழே வை.

பத்தாம் தேதி தாரிகா எஜே வருகிறாள். ஆமாம், எஜே என்றுதான் எழுதியிருக்கிறேன், உன் கண்ணில் கோளாறு இல்லை. அவளை அக்கா என்று கூப்பிட எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆயிற்று. அண்ணி என்று கூப்பிட எத்தனை வருடம் ஆகும் என்று இப்போதே கணக்குப் போடாதே. அம்மா முக்காட்டை மறுபடி கொடியில் போடப் போனாள். நான் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் கழுத்தில், லென்ஸோடு தொங்குகிறது. அம்மா, "பூட்டினா நீயேதான் திறக்கணும், ஞாபகம் வச்சுக்க" என்றாள். வைத்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் அக்-சாயின் மேல்பகுதிக்குப் போகிறோம். கூடாரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஆனால் அது கனமாக இருக்கிறது, தைத்ததில் இன்னும் கனத்துவிட்டது. அவளைக் கேட்டுத் தந்தி அடித்தேன். "தூக்க ஆள் வந்தால் வரட்டும், பேச்சு பஸ்ஸில் கிடையாது, மலையில் பார்க்கலாம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆகவே நீயும் அதே பஸ்ஸில் வா. பின் இருக்கையில் உட்கார். உனக்கு வெளியில் படுக்கத் தோல் விரிப்பு தருகிறேன். நீ பெரியவன், குளிர் தாங்குவாய்.

பல்கலைக்கழகத்தில் என் பெயர் ஒரு பெட்டிக்குள் இருக்கிறதாமே, போய்ப் பார்த்தாயா? மிளகு அளவு ஓட்டுக்குப் பக்கத்தில், 'எடுத்தவர்: பெர்மெத்'. குட்டி என்று எங்கேயும் எழுதவில்லை.

நீ மட்டும் வேண்டுமானால் எழுது. முன்னால் மாதிரியே.

மேலே புதிதாக ஏதாவது கிடைத்தால் சீட்டில் உன் பெயருக்கும் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். 'கூடாரம் தூக்கியவர்: குபாத்.'

உன் தங்கை,
பெர்மெத்